மவுண்ட் வெர்னன்: 1799-க்குத் திரும்பிய வீடும் தோட்டங்களும்

மவுண்ட் வெர்னன் மாளிகையின் மேற்கு முகப்பை, அதன் எதிரே விரிந்து கிடக்கும் புல்வெளியில் நின்று சிறிது நேரம் உற்றுப் பார்ப்பவருக்கு, அதன் சன்னல்கள் ஒரே சீரான இடைவெளியில் அமையவில்லை என்பது புலப்படும். கூரையின் நடுவே எழும் எண்கோணச் சிறு மாடத்துக்கு நேர்கீழே வாயில் இல்லை. வாயிலின் ஒரு பக்கத்துச் சன்னல்கள் மறுபக்கத்துச் சன்னல்களுக்கு ஒத்த இடத்தில் இல்லை. இடமும் வலமும் ஒத்திருப்பதையே அழகின் முதல் இலக்கணமாக ஆங்கிலேயக் கட்டடக்கலை கருதியிருந்த பதினெட்டாம் நூற்றாண்டில், பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன் தம் வீட்டை இவ்வாறு விட்டுவைத்ததற்குக் கவனக்குறைவு காரணமன்று. அவர் புதிதாக ஒரு வீட்டைக் கட்டவில்லை. இருந்த வீட்டை இடிக்காமல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உயர்த்தியும் நீட்டியும் மாற்றியும் வந்தார். ஒவ்வொரு மாற்றமும் முந்தைய சுவர்களுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டின் தடயங்களே முகப்பில் கோணலாகத் தெரிகின்றன.

இத்தகைய கட்டடத்தைப் பாதுகாக்க முனைவோர் முதலில் எந்த ஆண்டின் வீட்டைப் பாதுகாப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். மவுண்ட் வெர்னனில் அந்த ஆண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது வாஷிங்டன் இறந்த 1799. அந்தத் தேர்வு எளிதானதாகத் தோன்றினாலும், அதை உண்மையாகக் கடைப்பிடித்தபோது மக்கள் விரும்பிய ஒரு தோட்டம் அகற்றப்பட்டது. எவரும் நினைவில் வைத்திராத குடியிருப்புகள் மீண்டும் எழுந்தன. இந்த ஆய்வின் மையப் பொருள் அதுவே.

ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்த வீடு

வர்ஜீனியாவில் பொடோமாக் ஆற்றின் கரையில், இன்றைய வாஷிங்டன் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில் இப்பண்ணை உள்ளது. இங்கு ஒன்றரை மாடி வீட்டை 1734-இல் கட்டியவர் ஜார்ஜின் தந்தை அகஸ்டின் வாஷிங்டன். கட்டடத்தின் பழைய மரங்களிலுள்ள ஆண்டு வளையங்களை எண்ணி ஆராய்ந்ததில் அந்த ஆண்டு உறுதிப்பட்டிருக்கிறது. தாம் பணியாற்றிய கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னனின் பெயரைப் பண்ணைக்குச் சூட்டியவர் அகஸ்டினின் முதல் மனைவிக்குப் பிறந்த, ஜார்ஜின் மூத்த சகோதரர் லாரன்ஸ். அவர் மறைந்த பிறகு, அவருடைய மனைவியிடமிருந்து 1754-இல் ஜார்ஜ் இதைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த அம்மையார் இறந்த 1761-இல் பண்ணை அவருக்கே உரிமையானது.

முதல் பெரிய மாற்றம் 1757, 1758 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. மார்த்தா கஸ்டிஸை மணப்பதற்கு முன்பாக, எல்லைப்புறப் போரில் இருந்தவாறே, ஜான் பாட்டர்சன் என்ற தச்சரின் மேற்பார்வையில் வாஷிங்டன் கூரையைத் தூக்கி வீட்டை இரண்டரை மாடியாக உயர்த்தினார். கல்வீடு போலத் தோன்றும் வெளிச்சுவரும் அப்போது அமைந்ததுதான். பைன் மரப் பலகைகளின் விளிம்புகளைச் சரிவாகச் சீவி, செதுக்கிய கற்களை அடுக்கியதுபோல் பொருத்தி, ஈரமான வண்ணப்பூச்சின்மேல் மணலை வீசி ஒட்டவைக்கும் முறை அது. மரத்துக்கு நீடித்த ஆயுள் தருவதும் கல்லின் தோற்றம் தருவதும் ஆகிய இரண்டுமே இதன் நோக்கம் என்று பல ஆண்டுகள் கழித்துத் தம் கடிதம் ஒன்றில் அவரே விளக்கியிருக்கிறார். அருகில் சென்று விரலால் தடவினால் மணல் உறுத்துகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் கற்சுவர் என்றே கண் ஏற்கிறது. கல்லில் கட்டும் அளவுக்குச் செலவிட இயலாத ஒரு குடியேற்ற நாட்டுப் பண்ணையாரின் தகுதி வேட்கையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் உறுப்பு இந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

இரண்டாம் விரிவாக்கத்துக்கான வரைபடங்களை அவரே 1774-இல் வரைந்தார். தெற்கே நூலறையும் அதன்மேல் படுக்கையறையும், வடக்கே இரு மாடி உயரமுள்ள புதிய கூடமும் சேர்க்கப்பட வேண்டும் என்பது திட்டம். ஆனால் 1775-இல் அவர் அமெரிக்க விடுதலைப் போரின் படைத்தலைவராகிப் புறப்பட்டுவிட்டார். 1781-இல் யார்க்டவுன் போருக்குச் செல்லும் வழியில் தங்கியதுவரை அவர் வீட்டுக்கு வரவே இல்லை. தூரத்து உறவினரான லண்ட் வாஷிங்டன் பண்ணையைக் கவனித்துக்கொள்ள, கோயிங் லான்ஃபியர் என்ற தச்சரின் பொறுப்பில் வேலை நடந்தது. உரிமையாளர் போர்க்களத்திலிருந்து கடிதங்களாலேயே கட்டட வேலையை நடத்தினார். 1776 ஆகஸ்ட் 19 அன்று, லாங் ஐலண்ட் போர் மூள்வதற்கு எட்டு நாள்களுக்கு முன், நியூயார்க்கிலிருந்து லண்டுக்கு எழுதிய கடிதத்தில், வீட்டின் இரு முனைகளிலும் மரத்தோப்புகள் அமைக்கும்படி கேட்டிருக்கிறார். அந்த மரங்கள் எந்த ஒழுங்குமின்றி, ஆனால் நெருக்கமாக நடப்பட வேண்டும். வடமுனையில் லோக்கஸ்ட் மரங்கள் மட்டுமே இருக்க வேண்டும். தென்முனையில் காட்டு ஆப்பிள், டாக்வுட், சசாஃப்ராஸ் முதலிய பூக்கும் மரங்கள் வேண்டும் என்று வகை பிரித்துச் சொல்கிறார். வீட்டின் நீட்சியும் மரங்களின் இடமும் அவர் மனத்தில் ஒரே வரைவாக இருந்தன என்பதற்கு இக்கடிதம் போதுமான சான்று.

வடபுறக் கூடம் போருக்குப் பிறகே நிறைவுற்றது. அதன் வெனிஸ் பாணிப் பெருஞ்சாளரமும் பச்சை வண்ணச் சுவர்களும் விருந்தினரை வியக்கவைக்கும் வகையில் அமைந்தவை. ஜான் ராலின்ஸ் வடிவமைத்த சுண்ணச் சுதை வேலையில் உழவுக்கருவிகளும் விளைபொருள்களும் உருப்பெற்றுள்ளன. இலண்டன் வணிகர் சாமுவேல் வான் அன்பளிப்பாக அனுப்பிய பளிங்குக் கணப்பு முகப்பிலும் பண்ணை வாழ்வின் காட்சிகள் செதுக்கப்பட்டிருந்தன. அது தம் எளிய குடியரசு வாழ்முறைக்கு மிகையான அழகுடையதோ என்று வாஷிங்டன் தயங்கினார், ஆயினும் பொருத்திக்கொண்டார். புகையிலையைக் கைவிட்டு 1760-களிலேயே கோதுமைக்கு மாறிய ஒரு பண்ணையார், தம் வீட்டின் மிகச் சிறந்த அறையை வயலின் சின்னங்களால் அழகுசெய்தது பொருத்தமானதுதான். ஆனால் அந்தச் சின்னங்களில் கருவிகள் உண்டு, கதிர்கள் உண்டு. அக்கருவிகளைப் பிடித்தவர்கள் இல்லை.

ஆற்றை நோக்கிய நெடுந்தாழ்வாரம்

வீட்டின் கிழக்குப் பக்கம் முழுவதையும் தழுவி, எட்டுச் சதுரத் தூண்கள் தாங்க, இரு மாடி உயரத்துக்கு எழும் தாழ்வாரமே மவுண்ட் வெர்னனின் அடையாளம். அதன் நீளம் 94 அடி. அதன் கூரை 1777-இல் எழுந்தது. தரைக்கான கற்பாளங்கள் இங்கிலாந்தின் வைட்ஹேவன் துறைமுகத்திலிருந்து 1786-இல்தான் வந்துசேர்ந்தன. இந்த அளவில் அமைந்த நெடுந்தாழ்வாரத்துக்கு அக்கால வர்ஜீனியாவில் முன்மாதிரி கிடையாது. ஆற்றுக் காற்று வீசும் பக்கத்தை நிழலால் மூடியதால், வெக்கை மிகுந்த மாதங்களில் அது வீட்டின் மிகப் பெரிய அறையாகவே பயன்பட்டது. குடும்பத்தினரும் விருந்தினரும் அங்கேதான் அமர்ந்தனர். கூரையின் எண்கோண மாடமும் அழகுக்கு மட்டும் வைக்கப்பட்டதன்று. அதன் சன்னல்களைத் திறந்தால் படிக்கட்டு வழியாக மேலேறும் வெப்பக் காற்று வெளியேறும். அதன் உச்சியில் ஒலிவக் கிளையைக் கவ்விய புறா வடிவிலுள்ள காற்றுத்திசைகாட்டியை, 1787-இல் அரசியலமைப்பு மாநாட்டுக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தபோது பிலடெல்பியாவில் ஜோசப் ரேக்ஸ்ட்ரா என்பவரிடம் வாஷிங்டன் செய்வித்தார்.

மேற்குப் பக்கத்தில் வளைந்த இரு தூண்நிரைகள் மாளிகையைச் சமையற்கட்டுடனும் வேலையாள் கூடத்துடனும் இணைக்கின்றன. அவை இருபுறமும் திறந்தவை. நிலவழியாக வண்டியில் வந்து இறங்கும் ஒருவர், வீட்டுக்குள் நுழையும் முன்பே, அந்த வளைவுகளின் ஊடாக ஆற்றைக் காண்கிறார். இவ்வீட்டின் கட்டடக்கலையில் மிக நுட்பமான முடிவு என நான் மதிப்பது இதையே: சுவரெழுப்பி மூடியிருந்தால் மழைக்கும் குளிருக்கும் வசதியாக இருந்திருக்கும், காட்சிக்காக அந்த வசதி விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

புல்வெளியும் சுவர்த் தோட்டங்களும்

போர் முடிந்து 1783-இன் கிறிஸ்துமஸ் நாளுக்கு முன்மாலை வீடு திரும்பிய வாஷிங்டன், அடுத்த சில ஆண்டுகளை நிலத்தை மாற்றியமைப்பதில் செலவிட்டார். அதுவரை மேற்கு முகப்புக்கு நேராக வந்த பாதை அகற்றப்பட்டு, நடுவில் பரந்த புல்வெளியும் அதன் இருபுறமும் பாம்பென வளையும் நடைபாதைகளும் வந்தன. ஆங்கிலத் தோட்டக் கலைஞர் பாட்டி லாங்லியின் நூலை 1759-லேயே இலண்டனிலிருந்து அவர் வருவித்திருந்தார். இயற்கையின் போக்கில் வளையும் பாதைகளை அந்நூல் வலியுறுத்துகிறது. 1785-இன் தொடக்க மாதங்களில் அவருடைய நாட்குறிப்பு மரங்களைப் பற்றிய குறிப்புகளாலேயே நிரம்பியிருக்கிறது. பண்ணைக் காடுகளில் குதிரையில் சென்று தகுந்த மரங்களைத் தேடுவதும், அவற்றை வேரோடு பெயர்த்துவந்து நடைபாதை ஓரங்களில் நடுவிப்பதும், பட்டுப்போனவற்றை அடுத்த பருவத்தில் மாற்றுவதுமாக அந்த வேலை நடந்தது. அந்நாளில் நட்ட துலிப் பாப்லர் மரங்கள் இன்றும் புல்வெளி ஓரத்தில் ஓங்கி நிற்கின்றன.

நடைபாதைகளின் ஓரம் அடர்ந்த மரங்களுக்கும் புதர்களுக்கும் பின்னால், வடக்கே மேல் தோட்டமும் தெற்கே கீழ்த் தோட்டமும் செங்கல் சுவர்களுக்குள் மறைந்திருக்கின்றன. முன்பு செவ்வகமாக இருந்த அவற்றின் மேற்கு முனைகள் இம்மாற்றத்தின்போது வளைத்துக் கேடய வடிவமாக நீட்டப்பட்டன. சரிவில் தாழ அமைந்த கீழ்த் தோட்டம் காய்கறிக்கு உரியது. அதன் விளைச்சலில் மார்த்தாவின் கண் எப்போதும் இருந்தது. மேல் தோட்டம் விருந்தினர் உலாவுவதற்கு உரியது. சீனாவிலிருந்து வந்த விதைகள் உட்படப் புதிய செடிவகைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சிறு தோட்டமும் இருந்தது. சரிவில் திராட்சை பயிரிட முயன்று தோற்ற நிலம் பின்னர்ப் பழத்தோட்டமாகவும் நாற்றங்காலாகவும் மாறியது. கால்நடைகள் புல்வெளிக்குள் ஏறாதிருக்க, பள்ளம் வெட்டி அதற்குள் சுவரெழுப்பினார்கள். வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு வேலி தெரியாது, புல்வெளி மேய்ச்சல் நிலத்தோடு இடையறாமல் இணைந்திருப்பதாகவே தோன்றும்.

சாமுவேல் வான் 1787-இல் இங்கு வந்து தங்கி, இந்த அமைப்பு முழுவதையும் வரைபடமாக்கி வாஷிங்டனுக்கு அனுப்பினார். வரைபடம் பெரும்பாலும் சரியானது என்று பாராட்டிய வாஷிங்டன், புல்வெளியின் மேற்கு முனை அதில் மரங்களால் அடைபட்டதுபோல் காட்டப்பட்டிருப்பதைத் திருத்தினார். அங்கே காட்சி திறந்தே இருக்கிறது என்று எழுதினார். தாம் வகுத்த பார்வைக்கோட்டை ஒரு வரைபடத்திலும் அடைக்க அவர் சம்மதிக்கவில்லை.

தோட்டங்களின் வளத்துக்கு ஆதாரமான ஒரு கட்டடம் சமையற்கட்டுக்குத் தெற்கே இருக்கிறது. 31 அடி நீளமும் 12 அடி அகலமும் உடைய, பக்கச் சுவர்கள் திறந்த, கூழாங்கல் பாவிய எருக்கொட்டகை அது, 1787-இல் கட்டப்பட்டது. தொழுவ எருவும் சமையற்கட்டுக் கழிவும் அங்கே மக்கவைக்கப்பட்டுத் தோட்டங்களுக்குச் சென்றன. எருவுக்கென்றே திட்டமிட்டுக் கட்டடம் எழுப்பியவரின் மண்ணறிவைப் பாராட்டாதிருக்க முடியாது. அந்த எருவை அள்ளிச் சுமந்தவர்களைப் பற்றியும் அதே மூச்சில் பேசத்தான் வேண்டும்.

பசுமைக்குடிலும் அதன் பின்புறமும்

மேல் தோட்டத்தின் வடக்கு எல்லையில், தெற்கு நோக்கிய உயரமான சன்னல்களுடன் செங்கல் பசுமைக்குடில் ஒன்று நிற்கிறது. பால்டிமோருக்கு அருகே மவுண்ட் கிளேரில் மார்கரெட் கரோல் அம்மையார் வைத்திருந்த பசுமைக்குடிலின் அளவுகளையும் அமைப்பையும், தம் முன்னாள் படை உதவியாளர் டென்ச் டில்மன் வழியாக 1784-இல் வாஷிங்டன் கேட்டறிந்தார். 1787-இல் கட்டடம் முடிந்தது. பின்புறத்திலுள்ள அடுப்பறையில் எரியும் தீயின் வெப்பம் தரைக்கடியிலுள்ள குழாய்வழிகளில் ஓடிக் கூடத்தைச் சூடாக்கும். அந்த இதத்தில் எலுமிச்சையும் ஆரஞ்சும் பனிக்காலத்தைத் தாண்டின. கரோல் அம்மையாரே 1789-இல் செடிகளை அனுப்பிவைத்தார்.

1790-களின் தொடக்கத்தில் இப்பசுமைக்குடிலின் இருபுறமும் நீண்ட சிறகுக் கட்டடங்கள் சேர்க்கப்பட்டன. தோட்டத்தில் நின்று பார்த்தால், நடுவில் உயர்ந்த கூடமும் பக்கங்களில் தாழ்ந்த சிறகுகளுமாக, இலக்கணம் பிசகாத ஒரு செங்கல் முகப்பு தெரியும். மாளிகைக்கு வாய்க்காத சமச்சீர் இங்கே முழுமையாக வாய்த்திருக்கிறது. அந்தச் சிறகுகளின் வாயில்களோ தோட்டத்துக்கு எதிர்ப்புறமாக, வடக்கே திறந்தன. அவை அடிமைப்படுத்தப்பட்டவர்களின் குடியிருப்புகள். மொத்தம் நான்கு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 600 சதுர அடி. சுவரோரம் அடுக்குப் படுக்கைகள். முனையில் ஒரு கணப்பு. அதற்கு முன்பு அவர்கள் வாழ்ந்த பழைய பெருங்குடியிருப்பு, மாளிகைக்கு அருகிலேயே இருந்தது. புதிய சிறகுகள் எழுந்ததும் அது இடிக்கப்பட்டது. தோட்டத்தின் அழகியலும் குடியிருப்பின் கண்காணிப்பும் ஒரே சுவரில் நிறைவேறின. மவுண்ட் வெர்னனின் வடிவமைப்பை முழுமையாகப் புரிந்துகொள்ள விரும்புபவர் இந்தச் சுவரின் இரண்டு பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டும்.

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1799-இல், வாஷிங்டன் தம் பண்ணைகளில் அடிமைகளாக இருந்தவர்களின் பட்டியலைத் தம் கையாலேயே எழுதினார். அதில் 317 பேர் உள்ளனர். அவர்களில் ஏறத்தாழ 90 பேர் மாளிகையைச் சுற்றி வாழ்ந்தனர். செங்கல் வேலைக்குரிய டாம் டேவிஸ், மக்லஸ் ஆகியோரும், ஆப்பிரிக்காவில் பிறந்து இங்கே தச்சரான சாம்போ ஆண்டர்சனும் பதிவுகளில் பெயரோடு காணக்கிடைப்பவர்கள். புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஹெர்குலிஸ் பிலடெல்பியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே கடின வெளிவேலைகளில் ஈடுபடுத்தப்பட்டார். 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளில், அவர் தப்பிச் சென்றார். தமக்கே உரிமையான 123 பேரை விடுவிக்கும்படி வாஷிங்டன் உயில் எழுதினார். அவர்களை 1801 ஜனவரி 1 அன்று மார்த்தா விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்த 153 பேருக்கு விடுதலை கிடைக்கவில்லை. மார்த்தா இறந்தபின் அவருடைய பேரப்பிள்ளைகளிடையே அவர்கள் பங்கிடப்பட்டனர்.

சீர்குலைவும் மீட்பும்

வாஷிங்டனுக்குப் பின் வந்த வாரிசுகளால் வருவாயற்ற இந்தப் பண்ணையைக் காக்க இயலவில்லை. பசுமைக்குடிலும் சிறகுகளும் 1835 டிசம்பரில் தீக்கிரையாயின. 1853-இல் நீராவிப்படகில் ஆற்றுவழியே இவ்விடத்தைக் கடந்துசென்ற லூயிசா கன்னிங்ஹம் அம்மையார் கண்டது உதிர்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டை. தாழ்வாரத்தின் கூரைக்குக் கப்பல் பாய்மரங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தாயின் கடிதத்தால் தூண்டப்பட்ட தென் கரோலினாவின் ஆன் பமீலா கன்னிங்ஹம் மவுண்ட் வெர்னன் மகளிர் சங்கத்தை நிறுவினார். நாடெங்கும் நிதி திரட்டிய அச்சங்கம், மாளிகையையும் 200 ஏக்கர் நிலத்தையும் 2,00,000 டாலருக்கு வாங்க 1858-இல் ஒப்பந்தம் செய்து, 1860-இல் பொறுப்பேற்றது. இன்றுவரை உரிமையாளர் அச்சங்கமே. பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத நாளில் ஒரு நாட்டின் நினைவிடத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் துணிவுக்கு அமெரிக்கப் பாரம்பரியப் பாதுகாப்பு இயக்கம் முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

1799-ஆம் ஆண்டுக்குத் திருப்புவது என்ற கொள்கை காலப்போக்கில் கண்டிப்பான முறையாக வலுப்பெற்றது. வண்ணப்பூச்சின் அடுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வெளிறிய நிறங்களே அக்காலத்துக்கு உரியவை என்ற நம்பிக்கை தகர்ந்து, சிறிய உணவறையின் கண்ணைப் பறிக்கும் பச்சை மீண்டும் வந்தது. எரிந்துபோன பசுமைக்குடிலையும் சிறகுகளையும், சாமுவேல் வானின் வரைபடத்தையும் 1803-இல் தீக்காப்பீட்டுக்காக வரைந்த குறிப்போவியத்தையும் துணைகொண்டு 1951-இல் மறுபடி எழுப்பினர். அதிபர் ட்ரூமன் காலத்தில் வெள்ளை மாளிகையின் உட்புறம் முழுவதும் பிரித்துக் கட்டப்பட்டபோது அகற்றிய பழைய செங்கற்களை அதற்குப் பயன்படுத்தினர். வெள்ளை மாளிகையைக் கட்டிய பணியிலும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். ஆகவே அந்தச் செங்கற்கள் இங்கே வந்துசேர்ந்ததில், அன்று எவரும் எண்ணியிராத ஒரு பொருத்தம் இருக்கிறது.

மேல் தோட்டத்தில் தோண்டியபோது

இந்த மீட்பின் மிகக் கடினமான முடிவு மேல் தோட்டத்தைப் பற்றியது. பல தலைமுறைப் பார்வையாளர்கள் அங்கே கண்டது, உயர்ந்து பருத்த பாக்ஸ்வுட் என்னும் பசுமைமாறாப் புதர்வேலிகளுக்கு நடுவே ரோசாச் செடிகள் நிறைந்த, சிறு சிறு பாத்திகளாகப் பிரிந்த ஒரு மலர்த்தோட்டம். அதுவே வாஷிங்டனின் தோட்டம் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருந்தது. 2005 முதல் சில ஆண்டுகள் நடந்த அகழாய்வு மண்ணின் அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. தோட்டமண் நிரம்பிய பகுதிகள் கருத்தும், சரளை இறுகிய நடைபாதைகள் வெளிறியும் இருப்பதால், மறைந்த பாத்தியின் விளிம்பைத் தரையிலேயே கோடாகப் பார்க்க முடிகிறது. அவ்வாறு தெரிந்த கோடுகள் ரோசாப் பாத்திகளோடு ஒத்துப்போகவில்லை. வாஷிங்டனின் கடைசி ஆண்டுகளில் அங்கே இருந்தவை மூன்று பெரும் பாத்திகள்; அவற்றினிடையே 10 அடி அகலமுள்ள நடைபாதை. பாத்திகளின் நடுவே காய்கறிகளும் விளிம்புகளில் பூச்செடிகளும் இருந்தன. விருந்தினர் உலாவும் தோட்டத்திலும் பயன் தரும் பயிரே நடுவிடம் பெற்றிருந்தது; பூக்கள் அதன் கரையாக அமைந்தன.

பாக்ஸ்வுட் அங்கே அறவே இல்லாமலும் இல்லை. 1796-இல் வந்த கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப், பிரெஞ்சு அரசகுலத்தின் லில்லி மலர்ச் சின்ன வடிவில் நறுக்கிய பாக்ஸ்வுட் பாத்தி ஒன்றைக் கண்டு, ஜெர்மனியை விட்டுவந்தபின் இப்படியொன்றைப் பார்த்ததில்லை என்று இகழ்ச்சியோடு குறித்திருக்கிறார். ஆகவே மீட்டெடுப்போர் ஓர் ஒழுங்கான ஆங்கில இயற்கைத் தோட்டத்தையும் கற்பனை செய்துகொள்ள முடியாது. பழைய பாணியும் புதிய பாணியும் பக்கம்பக்கமாக இருந்த தோட்டம் அது.

2011-இல் புதிய மேல் தோட்டம் திறக்கப்பட்டது. முதிர்ந்த வேலிகளையும் ரோசாக்களையும் எடுத்துவிட்டு முட்டைக்கோசும் கீரையும் வளரும் பெரும்பாத்திகளை அமைப்பது எளிய முடிவாக இருந்திருக்காது. அகற்றப்பட்டதற்கும் ஒரு வரலாறு உண்டு. நூறாண்டுக்கும் மேலாக மகளிர் சங்கம் பேணிய தோட்டம் அது, அதுவும் மவுண்ட் வெர்னனின் கதையே என்று வாதிடுவோரின் பேச்சில் பொருளில்லாமல் இல்லை. ஆயினும் என் மதிப்பீட்டில் முடிவு சரியானதே. மேல் தோட்டம் ரோசாத் தோட்டமாக இருந்தவரை, அதன் வடக்கே நிற்கும் குடியிருப்புச் சிறகுகள் தொடர்பற்ற கட்டடங்களாகத் தோன்றின. பாத்திகளின் உண்மையான பரப்பு தெரிந்ததும், அவ்வளவு நிலத்தைக் கொத்தவும், எரு இடவும், நீரிறைக்கவும், களையெடுக்கவும் எத்தனை கைகள் தேவைப்பட்டிருக்கும் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. விடை அந்தச் சிறகுகளில் இருக்கிறது.

எதிர்க்கரை

தாழ்வாரத்திலிருந்து தெரியும் மேரிலாந்துக் கரை பண்ணைக்குச் சொந்தமானதன்று. ஆனால் வடிவமைப்பின் இன்றியமையாத பகுதி. அக்கரையில் எண்ணெய்க் கிடங்கு அமைக்கும் திட்டம் 1955-இல் எழுந்தபோது, ஒஹையோவின் நாடாளுமன்ற உறுப்பினரும் மகளிர் சங்கத்தின் துணைத்தலைவியுமான பிரான்சிஸ் பெய்ன் போல்டன் அங்கே 500 ஏக்கர் நிலத்தைத் தாமே வாங்கினார். அதைத் தொடர்ந்து 1957-இல் அக்கொகீக் அறக்கட்டளையும் 1961-இல் பிஸ்கட்டவே பூங்காவும் உருவாயின. இன்று தாழ்வாரத்தில் அமர்பவர் எதிரே காண்பது காடு. ஒரு வீட்டின் காட்சியைக் காக்க ஆற்றின் மறுகரையில் பூங்கா அமைத்த இந்நடவடிக்கை, பாரம்பரியப் பாதுகாப்பு கட்டடத்தின் மதிலோடு முடிவதில்லை என்பதைச் சட்டத்தின் வாயிலாக நிறுவியது.

அடிச்சட்டங்களும் அடித்தளமும்

2023-இல் தொடங்கிய பெரும் சீரமைப்பு, கண்ணுக்குத் தெரியாத பாகங்களைப் பற்றியது. மரச்சுவர்கள் செங்கல் அடித்தளத்தின்மேல் அமரும் இடத்திலுள்ள அடிச்சட்டங்கள் கறையானாலும் ஈரத்தாலும் நலிந்திருந்தன. மரச்சட்டகத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பை வலுப்படுத்த வேண்டியிருந்தது. நிலவறைத் தரையின் செங்கற்களை இதற்காகப் பெயர்த்தபோது, 2024-இல் ஐந்து குழிகளில் 35 கண்ணாடிப் புட்டிகள் கிடைத்தன. அவற்றில் 29 உடையாமல் இருந்தன. உள்ளே செர்ரி உள்ளிட்ட பழங்கள் இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தசையோடும் விதையோடும் இருந்தன. தோட்டத்தில் பறித்து, நிலவறையில் புதைத்து, பின்னர் வீட்டார் மறந்துவிட்ட அந்தப் பழங்கள், மரபணு ஆய்வின் வழியாக அந்நாளைய பழமரங்களைப் பற்றி எந்த ஏட்டுக் குறிப்பும் தராத செய்தியைத் தரக்கூடியவை.

நான்கு வெளிப்பண்ணைகள்

1799-க்குத் திரும்பும் முயற்சியில் இன்னும் எட்டப்படாத பெரும்பகுதி ஒன்று உள்ளது. அந்த ஆண்டில் பண்ணையின் பரப்பு ஏறத்தாழ 8,000 ஏக்கர். மாளிகைப் பண்ணையைத் தவிர நான்கு வெளிப்பண்ணைகள் இருந்தன. 317 பேரில் பெரும்பாலோர் அவற்றில்தான் வாழ்ந்தனர், செங்கற்சிறகுகளில் அன்று, மரக்கட்டைகளை அடுக்கி இடுக்குகளில் களிமண் பூசிய குடிசைகளில். 1798-இல் அவற்றைப் பார்த்த போலந்துப் பயணி யூலியன் நியெம்செவிச், தம் நாட்டுக் குடியானவர்களின் மிக வறிய குடில்களைவிடவும் அவை இழிந்த நிலையில் இருந்தன என்று எழுதினார். அந்த நிலங்களெல்லாம் விற்கப்பட்டுப் புறநகர்க் குடியிருப்புகளாகிவிட்டன. எஞ்சிய பண்ணை நிலம் சுமார் 500 ஏக்கர். டோக் ரன் பண்ணையில் வாஷிங்டன் வடிவமைத்த பதினாறு பக்கக் கதிரடிக் களஞ்சியத்தை அதன் அசல் இடத்தில் எழுப்ப முடியாமல், 1996-இல் ஆற்றங்கரையோரம் மறுபடி கட்டினர். அதே வளாகத்தில் 2007-இல் ஒற்றையறைக் குடிசை ஒன்றும் எழுந்தது. மாளிகைக்குத் தென்மேற்கேயுள்ள அடிமைகளின் இடுகாட்டில் 1929-இல் ஒரு கல்லும் 1983-இல் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவுச்சின்னமும் நிறுவப்பட்டன. 2014 முதல், கல்லறைகளைத் தோண்டாமல், மேல்மண்ணை மட்டும் விலக்கி ஒவ்வொரு குழியின் எல்லையையும் தொல்லியலாளர் குறித்துவருகின்றனர். மேல் தோட்டத்தில் பாத்திகளின் விளிம்பைக் காட்டிய மண்ணின் நிறவேறுபாடே இங்கேயும் அவர்களுக்கு வழிகாட்டுகிறது.